மில் கதவில் நான் அழித்த திகதி

பேத்தி தர்சினிக்கு முதலில் கண்தான் சிவந்தது. பிறகு மூக்கு ஒழுகியது. நான்காம் நாள் காதுக்குப் பின்னால் தொடங்கிய சிவந்த பரு, பொழுது படுமுன் நெஞ்சுவரை இறங்கிவிட்டது. சின்னமுத்து (தட்டம்மை; காற்றால் தொற்றும் காய்ச்சல்; சிறு குழந்தைகளைக் கடுமையாகத் தாக்கும்). அதற்கு ஊசி உண்டு என்று எனக்குத் தெரியும். அதை அவளுக்குப் போடவிடாமல் செய்தவன் நான்.

பிள்ளைக்கு ஊசி போடலாமா என்று யாரிடம் கேட்பது எனத் தடுமாறும் தாய் தகப்பன்மாருக்காக இதை எழுதுகிறேன். எங்கள் ஊரில் என்னிடம்தான் கேட்டார்கள்.

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். வெல்லாவெளிப் பக்கத்தில் நெல்லுக்குத்தும் மில்லை ஒற்றை ஆளாய்ப் போட்டேன். எஞ்சினைக் கழற்றிப் பூட்ட எவனும் சொல்லித்தரவில்லை. சண்டைக் காலத்தில் கடைகள் பூட்டின. பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) நின்றது. என் மில் ஓடியது. பற்றரி ரேடியோவும் என்னிடம்தான். நெல்லோடு வந்தவர்கள் செய்தியும் கேட்டுப் போனார்கள். எங்கே சுற்றிவளைப்பு, எந்த ரோட்டு பூட்டு என்று நான் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அதுதான் என்னைக் கெடுத்தது.

ஊசி போடும் மருத்துவிச்சி அக்கரையிலிருந்து தோணியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வருவார். சென்றியில் (இராணுவக் காவலரண்) ஊசிமருந்துப் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு வரவேண்டும். எல்லோரும் வந்துபோகும் இடம் என்பதால், கிளினிக் நாளை என் மில் கதவில் சோக்கால் எழுதுவார்.

ஒரு நாள் அவர் எழுதிக்கொண்டிருக்க, நான் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். "ஊசி போட்டாக் காய்ச்சல் வருது. சும்மா இருக்கிற பிள்ளைக்கு ஏன் வருத்தத்தத் தேடிக் குடுக்கிற?"

"அந்தக் காய்ச்சல் ரெண்டு நாளில போயிரும் முதலாளி," என்றார் அவர் திரும்பாமலே. "எஞ்சின் பழுதெண்டா நான் உங்களிட்டக் கேக்கிறன். பிள்ளைக்குக் காய்ச்சலெண்டா நீங்க என்னட்டக் கேளுங்க."

நெல்லோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். "முதலாளிர எஞ்சின் நிண்டு போச்சு கா," என்றாள் ஒருத்தி.

என் மகள் வயதுப் பெண்ணிடம் பட்ட அவமானம். சைக்கிள் மறைந்ததும் ஈரச் சாக்கால் திகதியைத் துடைத்தேன். கேட்டவர்களிடம் இந்த மாதம் கிளினிக் இல்லை என்றேன். தர்சினிக்கு அப்போது ஒன்பது மாதம், ஊசி போடவேண்டிய வயது. மகள் யோகம் கேட்டாள். அவளுக்கும் அதே பொய்.

அடுத்த மாதம் சண்டை மறுபடி மூண்டது. பிறகு பல மாதம் கிளினிக் வரவே இல்லை.

அந்த இடைவெளியில்தான் தர்சினிக்குப் பரு போட்டது; வாசலில் வேப்பிலை கட்டினோம். அம்மாள் வந்திருக்கிறாள், மருந்து கூடாது என்றார்கள். நானும் தலையாட்டினேன். பிள்ளையின் நெஞ்சு துருத்திபோல் ஏறி இறங்கத் தொடங்கியபோதுதான் தோணியில் ஏற்றினோம்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் நியூமோனியா (நுரையீரல் அழற்சி) என்றார். "ஊசி போட்டதா?"

"அந்த மாசம் கிளினிக் நடக்கல்ல டொக்டர்," என்றாள் யோகம். நான் சுவரைப் பார்த்தேன்.

பிள்ளை பிழைத்தாள். காதிலிருந்து மட்டும் சீழ் ஒழுகியபடி இருந்தது. வீடு திரும்பிய மறுநாள் எஞ்சினை இழுத்து விட்டேன். அந்தச் சத்தத்துக்கு எப்போதும் கைதட்டுகிறவள், வாசலில் மண்ணை அளைந்துகொண்டே இருந்தாள். திரும்பவில்லை.

எஞ்சினை நிறுத்திவிட்டு யோகத்திடம் போனேன். "திகதிய அழிச்சது நான்தான் மகள்."

"தெரியும் அப்பா. அதுக்கு முதல் வாசிச்ச ஒருத்தி தன்ட பிள்ளையக் கொண்டுபோய் ஊசி போட்டுட்டு வந்து சொன்னவள்."

"பிறகேன் என்னைக் கேக்கல்ல?"

"உங்களக் கேக்க ஆருக்குத் துணிவு இருந்த?"

காது கேளாத பிள்ளை உதட்டைப் பார்த்துப் பேச்சை அறியும் என்று பின்னாளில் அதே மருத்துவிச்சி சொன்னார். என் மீசை உதட்டை மறைத்தது. மழித்தேன். எஞ்சின் ஓடும் மணிக்கணக்கால் நாளை அளந்தவன் நான். இப்போது அவள் முகம் என் பக்கம் திரும்பும்வரை காத்திருக்கிறேன். அதற்கு முன் வாய் திறப்பதில்லை.

தர்சினிக்கு இப்போது கையில் பிள்ளை. போன கிழமை கிளினிக் அட்டையைக் கொண்டுவந்து, பிள்ளையின் ஊசித் திகதியில் விரல் வைத்து என் வாயைப் பார்த்தாள்.

மெதுவாக, சத்தமில்லாமல், இரண்டு தரம் சொன்னேன்: "நாளைக்கு. போ."