கோயில் காளையின் கன்றுகள்

சிராங்கூன் சாலையில் அப்போது மனிதர்களுக்கு மாடுகள்தான் வழி விட வேண்டும். எங்கள் கொட்டகை ரோச்சோர் கால்வாய் ஓரம், ஜாலான் புசார் போகிற வழியில், எப்போதும் சேறாகக் கிடந்த நிலத்தில் இருந்தது. பால் கறந்து வீடு வீடாக ஊற்றுவது என் கணவரின் தொழில். கணவர் என்று எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது. அவர் என் அம்மாவின் தம்பி. பேச்சு வந்த நாளிலிருந்து மாமா என்றுதான் கூப்பிட்டேன், தாலி ஏறிய பிறகும் மாமாதான். என் அம்மாவும் தன் தாய்மாமனைக் கட்டியவள். எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளை தேடி யாரும் செருப்புத் தேய நடந்ததில்லை.

கொட்டகைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு காளையைக் கோயிலுக்கு நேர்ந்து விட்டிருந்தார்கள். ஒரு வருடம் நோய் வந்து மாடுகள் மடிந்தபோது, மிஞ்சியவை பிழைக்கட்டும் என்று செய்துகொண்ட வேண்டுதல். வெள்ளைக் காளை. கீரைக்கடையில் வாய் வைத்தாலும் அதை யாரும் அடிக்க மாட்டார்கள். அதற்குப் பிறந்த கிடாரிகள் நன்றாகக் கறந்தன. அதனால் எந்தப் பசு பருவத்துக்கு வந்தாலும் அந்தக் காளையிடமே விட்டார்கள். அந்தக் கிடாரிகள் வளர்ந்து பருவத்துக்கு வந்தபோதும் அதனிடமே விட்டார்கள். சாமியின் வித்து இரண்டு தரம் சேர்ந்தால் பாலும் இரண்டு பங்காகும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

எங்கள் கிடாரி ஈன்ற கன்று, பார்க்க நன்றாகவே இருந்தது. ஆனால் மடியைத் தேடாமல் தாயின் முன்னங்காலைப் போய்ச் சப்பியது. மாமா அதை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கி வந்து, அதன் முகத்துக்கு முன்னால் உள்ளங்கையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மெதுவாகக் கொண்டுபோனார். கன்றின் கண் அசையவில்லை. பிறகு பக்கத்துக் கொட்டகையிலும் அப்படி ஒன்று பிறந்தது. திருஷ்டி என்றார்கள். பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிட்டார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். கன்றுகள் குருடாகவே பிறந்தன.

என் தலைச்சன் பிள்ளையும் அப்படித்தான் இருந்தான். பாலுக்கு அழுவான், மார்பில் முகத்தை வைத்துத் தேய்ப்பான், ஆனால் என் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. தவழும் முன்பே காய்ச்சலில் போய்விட்டான். கிரகக் கோளாறு என்று சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். மாமா அவனைப் பற்றி அதன் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான் மறுபடி முழுகாமல் ஆவதற்குச் சில வாரம் முன்புதான் மாமா அந்தக் காரியத்தைச் செய்தார். குருட்டுக் கன்று ஈன்ற எங்கள் பசு மறுபடி பருவத்துக்கு வந்ததும், அதைக் கோயில் காளையிடம் விடாமல், தஞ்சோங் பகார் கப்பல் துறை வரை நடத்திக்கொண்டு போய், கப்பலில் புதிதாக வந்து இறங்கியிருந்த ஒரு காளையிடம் சேர்த்துவிட்டு வந்தார். கொட்டகைக்காரர்களில் மூத்தவர் மறுநாள் வாசலில் வந்து நின்றார்.

“சாமி காளைய விட அந்த ஊர் பேர் தெரியாத மாடு ஒசத்தியாப் போச்சா?”

மாமா தவிட்டைக் கிளறிக்கொண்டே பதில் சொன்னார். “சாமிய நான் ஒண்ணும் சொல்லல. அந்தக் கிடாரிக்கு அப்பன் யாரு? அந்தக் காளை. அது வயித்துக் கன்னுக்கு அப்பன் யாரு? அதே காளை. ஒரே ரத்தம் சுத்திச் சுத்தி வந்தா கன்னு எப்படிங்க நல்லா இருக்கும்?”

நான் உள்ளே புண்ணாக்கு ஊற வைத்துக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தை காதில் விழுந்தது. பெரியவர் திட்டிவிட்டுப் போனதும் வெளியே வந்து கேட்டேன்.

“நாமளும் அப்படித்தானே மாமா?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. “மனுசனும் மாடும் ஒண்ணா? வாய மூடிட்டுப் போ புள்ள.”

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. சில வாரத்தில் நானும் முழுகாமல் ஆனேன்; அந்தப் பசுவுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே மாதம் ஏறியது. மாமா அதன் வயிற்றைத் தடவிப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உனக்கு மட்டும் வெளியூர்க் காளை கிடைத்துவிட்டது என்று அதனிடம் வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். பசுவிடம் பொறாமைப்பட்ட பெண் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அது முதலில் ஈன்றது. மாமாவின் உள்ளங்கை போன பக்கமெல்லாம் கன்றின் தலை திரும்பியது. அவர் சிரித்தார். நான் உள்ளே போய் அழுதேன்.

எனக்கு வலி கண்டது ஒரு காலை நேரத்தில். மத்தியானத்துக்குள் பிறந்துவிட்டது. மருத்துவச்சி குழந்தையைத் துடைத்துக்கொண்டே, வழக்கமான கேலியைச் சொன்னாள்: “தாய்மாமனுக்குப் பொண்டாட்டி வந்துட்டா.” கடலுக்கு அந்தப் பக்கம், ஊரில் எனக்கு ஒரு தம்பி இருந்தான். பெண் பிறந்தால் அவனுக்குத்தான் என்று அம்மா கப்பலில் வந்தவர்களிடம் முன்பே சொல்லி அனுப்பியிருந்தாள்.

பிரசவ அறைக்குள் ஆண்கள் வரும் வழக்கம் இல்லை. மாமா வந்தார். சாணி மணக்கும் வேட்டியோடு, கையை மட்டும் கழுவிக்கொண்டு. நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கவில்லை. குழந்தையை வாங்கி வாசல் பக்கம் கொண்டுபோய்க் குந்தி உட்கார்ந்தார். அது கண்ணை மூடியிருந்தது. கறவை நேரம் வந்து மாடுகள் கத்தத் தொடங்கின. அவர் எழுந்திருக்கவில்லை.

குழந்தை கண் திறந்தது. அவர் உள்ளங்கையை அதன் முகத்துக்கு முன்னால் பிடித்து, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மெதுவாகக் கொண்டுபோனார். இத்தனை மாதமும் பயந்துகொண்டிருந்தது நான் மட்டுமல்ல என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு தரம் கொண்டுபோனார், ஒன்றுமில்லை. மறுபடியும் கொண்டுபோனார். அந்தக் கறுப்புக் கண் அவர் கையோடு கொஞ்சம் நகர்ந்தது.

மருத்துவச்சி மறுபடியும் மாமன் பெண்டாட்டி என்று கொஞ்சினாள். மாமா குழந்தையை என் பக்கத்தில் கொண்டுவந்து படுக்க வைத்தார்.

“இவள வெளியிலதான் குடுக்கணும் புள்ள,” என்றார். பிறகு பால் கறக்கப் போய்விட்டார்.