கடைசியாக வந்த சிவப்புக் கார்

தலைக்கவசத்தின் பட்டியை இறுக்கிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமலே அக்கா காருக்குள் இறங்கிய அந்தக் காலை இன்னும் நினைவிருக்கிறது. நான் தண்ணீர்க் கலனோடு பந்தயத் தடத்தின் ஓரத்தில் நின்றேன்.

அக்கா கொக்குவிலில் கார் ஓட்டப் பழக்குகிறவள். அவளுடைய பந்தயக் கார் எங்கள் அப்பா பிறப்பதற்கு முன்பே ஓடியது; சிவப்பு நிறம், கூரை கிடையாது. யுத்த காலம் முழுவதும் கோப்பாயில் ஒரு விறகுக் கொட்டிலுக்குள் கிடந்ததை வாங்கி, கிடைக்காத உதிரிப்பாகங்களைக் கடைசல் பட்டறையில் செய்வித்து ஓட வைத்தாள். பழைய கார்களுக்கென்று தெற்கில் நடக்கும் நெடும்பந்தயத்துக்குக் கொண்டுபோனாள். காலையிலிருந்து மாலைவரை ஒரே தடத்தைச் சுற்ற வேண்டும். கொடி விழுந்ததும் கார் தன் சொந்த ஓட்டத்தில் முடிவுக் கோட்டைத் தாண்டாவிட்டால், பகல் முழுதும் ஓடியது வீண். முதல் வருடம் கியர்ப்பெட்டி உடைந்தது. அடுத்த வருடம் தூர வளைவில் சில்லு கழன்று கார் புரண்டது; அக்காவின் தோள் எலும்பு முறிந்தது. கட்டு அவிழ்த்த கையோடு மறுபடியும் ஸ்பானரை எடுத்தாள்.

மூன்றாம் வருடம், மத்தியானம் தாண்டிய நேரம், சிவப்புக் காரைக் காணவில்லை. பின்னால் வந்தவை எல்லாம் என்னைக் கடந்து போய்விட்டன. தூர வளைவில் புகை தெரிகிறது என்று யாரோ சொன்னார்கள். முந்திய வருடம் அங்கே புரண்டு கிடந்த காரும் அதனடியில் தெரிந்த அக்காவின் கையுமே கண்ணுக்குள் நின்றன. கடைசியில் கார் ஊர்ந்து ஊர்ந்து வந்து என் முன்னால் நின்றது. புகையல்ல, நீராவி. றேடியேற்றர் வெடித்து ஒழுகியது. அக்காவின் முன்கை வெந்து சிவந்திருந்தது.

“காணும் அக்கா, ஓடினது போதும், இறங்குங்கோ” என்றேன்.

“ஓடுது தானே. தண்ணியை விடு.”

ஈரச் சாக்கால் மூடியைத் திறந்து ஊற்றினேன். பிறகு சுற்றுக்குச் சுற்று நிறுத்தினாள், ஊற்றினேன். எஞ்சின் சத்தம் வளைவுக்கு அப்பால் தேய்ந்ததும் கலனை நிரப்பிக்கொண்டு காது கொடுத்து நிற்பேன். மறுபக்கம் கேட்டால்தான் உயிர் வரும். பொழுது சாயக் கொடி விழுந்தது. மற்றக் கார்களெல்லாம் வந்து, சனம் கலையத் தொடங்கிய பிறகு, அக்கா கோட்டைத் தாண்டினாள். கடைசி இடம்.

ஓடிப்போனேன். எஞ்சின் நின்றும் அவளுடைய கைகள் ஸ்ரியறிங்கை விடவில்லை.

“பயந்திட்டியோ?” என்று கேட்டாள்.

“ஓம்.”

“நானும்தான். அந்த வளைவு வரேக்கை எல்லாம் கண்ணை மூடோணும் போலை இருந்தது.”

பயம் வெளியில் நிற்பவர்களுக்குத்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

இந்த வருடமும் பெயர் கொடுத்திருக்கிறாள். போகாதேங்கோ என்று வாய்வரை வருகிறது. அவள் காருக்கடியில் படுத்து வேலை செய்யும்போது ரோச் லைட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வெளிச்சம் அவளுடைய முறிந்து ஆறிய தோளுக்கே போகிறது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து, வெளிச்சத்தைத் தனக்கு வேண்டிய இடத்துக்கு நகர்த்துகிறாள்.