மக்காச்சோளம் காயும் பாதையில் வெள்ளிமலைக்கு

தை மாதம், பொங்கல் கழிந்து வந்த சனிக்கிழமை. காலை ஐந்தரை மணிக்கு விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றுப் பாலத்தின் மேல் மூன்று சைக்கிள்கள் நின்றன. கீழே ஆறு முழுக்க மணல், நடுவில் ஒரு வாய்க்கால் அகலத்துக்குத் தண்ணீர். எங்கள் ஊருக்குப் பழமலை என்று ஒரு பெயர் உண்டு. மலைதான் கிடையாது, மண்ணுக்குள் போய்விட்டது என்று கோவிலில் கதை சொல்வார்கள். அதனாலோ என்னவோ, மலை இருக்கிற எந்த ஊரைக் கண்டாலும் எனக்கு வயிறு எரியும்.

மூவரில் ஒருவர் செபாஸ்டின் சார். புதுச்சேரியில் வார இறுதிகளில் சைக்கிள் சுற்றுலா நடத்துகிறவர். ஆற்றை எதிர்த்துக்கொண்டு கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலை வரை, இரண்டு நாளில் சுமார் நூறு கிலோமீட்டர் போகும் ஒரு வழியை அவர் தேடிக்கொண்டிருந்தார். அந்த வழியைப் போட்டுக் கொடுத்தவள் நான். டவுன் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், எந்த ரோட்டில் லாரி குறைவு, எங்கே நிழல், எங்கே நல்ல தண்ணீர் என்று பார்த்து வைத்திருந்தேன். மாதம் ஒரு குழுவை அழைத்துப்போக எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி வேண்டும் என்றார். அது நான்தான் என்று நினைத்திருந்தேன். "ரெண்டு பேரை ஓட்ட வெச்சுப் பார்க்கிறேன், ஒருத்தரை எடுத்துக்கிறேன்" என்று அவர் சொன்ன பிறகுதான் திவ்யா வந்தாள்.

திவ்யா என் கல்லூரித் தோழி. அப்பா தலைமை ஆசிரியர், தாத்தாவும் ஆசிரியர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். இப்போது பீங்கான் தொழிற்கூடத்தில், சூளையிலிருந்து வரும் சாமான்களின் தரம் பார்க்கிறேன். என் சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்தது. டயரும் பிரேக் கட்டையும் மாற்றி, இன்றைக்கும் பளபளவென்று வைத்திருக்கிறேன். திவ்யாவுடையது இருபத்தொரு கியர் வைத்தது. செபாஸ்டின் சார் எனக்கும் கியர் சைக்கிள் ஒன்று தருவதாகச் சொன்னார். "வேணாம் சார், இதுவே போகும்" என்றேன். முதல் ஐந்து கிலோமீட்டர் வரை அது சரியான பதிலாகத்தான் இருந்தது.

ஏழரை மணிக்கு நல்லூர். மணிமுத்தாறும் கோமுகியும் கூடுகிற இடம். கோவில் வாசலில் டீ பன்னிரண்டு ரூபாய். குடித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மொபெட் வந்து நின்றது.

"ஏ, நீ ஆறுமுகம் பொண்ணு தான? நம்ம ஊரு வழியா போற, மாமா வூட்டுக்கு வரமாட்டியா?"

அம்மாவுக்குத் தூரத்து உறவு. வண்டியில் கட்டியிருந்த கரும்பில் இரண்டு கழியை வெட்டி என் கேரியரில் கட்டிவிட்டுத்தான் போனார். திவ்யா சிரித்தாள். "ஒனக்கென்னடி, வழி பூரா சொந்தம்." அவளுடைய சொந்தக்காரர்கள் சென்னையில், பெங்களூரில், ஒருவர் லண்டனில். யாரும் அவள் கேரியரில் கரும்பு கட்டப்போவதில்லை. காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னால் போனாள். நான் கரும்போடு பின்னால் போனேன்.

அடுத்த ஊர் அசகளத்தூர். அங்கேதான் என் உண்மையான பயம் இருந்தது. அப்பாவின் அக்கா, அஞ்சலை அத்தை, அங்கே வாழ்க்கைப்பட்டவர். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உறவுக்காரர் ஊரைத் தாண்டும்போது வீட்டுக்குள் போகாமல் போனால் பகை, போய்க் கை நனைக்காமல் எழுந்தால் அதைவிடப் பகை. கை நனைப்பது என்றால் தண்ணீர் குடிப்பதல்ல, உட்கார்ந்து சாப்பிடுவது. பொங்கலுக்கும் நான் போயிருக்கவில்லை. அத்தை வீட்டில் நுழைந்தால் இரண்டு மணி நேரம் போய்விடும், செபாஸ்டின் சார் முன்னால் நான் நேரத்துக்கு ஓட்டத் தெரியாதவள் ஆவேன். அதனால் வழி போடும்போதே ஊருக்குள் போகாமல் ஏரிக்கரை மேலேயே சுற்றிப் போகிற மாதிரி போட்டிருந்தேன்.

தை மாதத்தில் எங்கள் பக்கத்து ஏரிக்கரைத் தார்ரோடு எதற்குப் பயன்படும் என்பதை வழி போட்ட நான் மறந்துவிட்டேன். ரோட்டின் பாதிக்கு மேல் மஞ்சளாக மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. அதன் நடுவில், தலையில் துண்டு போட்டுக்கொண்டு, காலால் சோளத்தைத் துழாவிக்கொண்டு வந்தது அத்தையேதான்.

"அடியே சரண்யா! அத்த வூடு அந்தாண்ட இருக்குது, நீ இந்தாண்ட எங்கடி போற?"

"இல்ல அத்த, சும்மா... இவங்க கூட வந்தன்."

"சும்மா வந்தவ வூட்டு வாசல்ல வரணும். ஏரி மேல வர. யாருக்குப் பயந்துக்கினு?"

செபாஸ்டின் சார் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டார். எல்லோரும் அத்தை வீட்டுக்கு நடந்தோம்.

கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு. சார் மூன்று முறை வாங்கிக்கொண்டார். திவ்யா மோரை மட்டும் ஊற்றிக்கொண்டு, "சூப்பரா இருக்கு ஆன்ட்டி" என்றாள். "ஆன்ட்டியாம்ல" என்று அத்தை எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு, அவள் தட்டிலும் ஓர் உருண்டை களியை வைத்தார். நான் வெளியே வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் போட்ட கணக்கெல்லாம் அந்த வெயிலில் போய்க்கொண்டிருந்தது.

பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் தியாகதுருகம். மொட்டைப் பாறை மலை. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையும் மாறி மாறிப் பிடித்த கோட்டை மேலே இடிந்து கிடக்கிறது. படியேறும்போது அதன் கதையைத் திவ்யாவுக்கு நான் தமிழில் சொன்னேன். உச்சியில் நின்று, அதே கதையைச் செபாஸ்டின் சாருக்கு அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். "வெரி குட்" என்றார் அவர். பீரங்கி ஒன்று பக்கத்தில் கிடந்தது. அது வேலை செய்யாது என்பது அவளுடைய அதிர்ஷ்டம்.

கள்ளக்குறிச்சியைத் தாண்டி, இருட்டுவதற்குள் கச்சிராயபாளையம் சேர்ந்து, தங்கும் விடுதியில் படுத்தோம்.

ஞாயிறு காலை ஆறரைக்குக் கோமுகி அணை. இந்த இடத்துக்குப் போகாதவர்களுக்கு எப்படிச் சொல்வது? மூன்று பக்கமும் மலை, அடிவாரம் வரை தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள்ளும் மலை. இதே தண்ணீர்தான் நல்லூரில் கூடி எங்கள் ஊருக்கு வருகிறது. வரும்போது எங்களுக்கு மணல்தான் மிச்சம். கரையில் ஒரு பெண் பாத்திரத்தை முங்கவிட்டு அலசிக்கொண்டிருந்தாள். அவ்வளவு தண்ணீரை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள்மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

அணையைத் தாண்டியதும் ஏற்றம். முதல் வளைவிலேயே திவ்யா கியரைக் குறைத்தாள். கால் சுற்றுகிறது, வண்டி ஏறுகிறது, வாய் செபாஸ்டின் சாரோடு பேசிக்கொண்டே போகிறது. நான் எழுந்து நின்று மிதித்தேன். மூன்றாவது வளைவில் இறங்கித் தள்ளினேன். மூங்கில் புதரும், புளியமரமும், பாறையில் கசிகிற ஓடையும் அழகாகத்தான் இருந்தன. தள்ளிக்கொண்டு போகிறவளுக்கு அவை நன்றாகவே தெரியும், வேறு என்ன வேலை? மேலே எங்கேயோ அவள் சிரிப்புக் கேட்டது. அந்த மலையில் நான் கேட்க விரும்பாத ஒரே சத்தம் அது.

நான் வெள்ளிமலை சேர்ந்தபோது மணி பதினொன்றரை. டீக்கடையில் அவர்கள் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கைச் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். தட்டு இருபது ரூபாய். எனக்கும் ஒரு தட்டு வந்தது, கூடவே முடிவும்.

"சரண்யா, வழி அருமை. ஆனா குழுவுக்கு முன்னால ஏறுறவங்க வேணும். திவ்யா நடத்தட்டும். மதியச் சாப்பாட்டை ஒங்க அத்தை வூட்டுலயே வெச்சுக்கலாம். அவங்ககிட்ட நீ சொல்லி வெச்சிடும்மா."

கிழங்குத் தட்டைக் கீழே வைத்தேன். வழி என்னுடையது, அத்தை என்னுடையவர், களி எங்களுடையது. நடத்துவது அவள்.

"நான் சொல்றதுல ஒண்ணுமில்ல சார். நடத்துறவளே கேக்கட்டும்" என்று அத்தைக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துத் திவ்யாவிடம் நீட்டினேன்.

"ஆன்ட்டி, நான் திவ்யா பேசுறேன். அடுத்த மாசம் ஒரு பத்துப் பேரைக் கூட்டிட்டு வரேன், சாப்பாடு கிடைக்குமா? பணம் குடுத்துடுவோம்."

"யாரு, ஆன்ட்டியா? என் வூட்ட என்னா ஓட்டல்னு நெனச்சிக்கினியா? சரண்யா எங்க?"

"இங்கதான் இருக்கன் அத்த."

"நீ கூட்டினு வந்தா பத்து என்னா, இருவது பேருக்கு ஆக்கிப் போடறன். நீ வராம ஆளனுப்பாத. ஊருல நாலு பேரு என்னா கேப்பாங்க?"

செபாஸ்டின் சார் தாடியைத் தடவினார். திவ்யா போனை என்னிடம் கொடுத்தாள், சிரிக்கவில்லை. நான் கிழங்கைத் தொடர்ந்து சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

பேசி முடித்தபோது வழி இரண்டாகியிருந்தது. விருத்தாசலத்திலிருந்து கோமுகி அணை வரை குழு என் பொறுப்பு. அணையிலிருந்து வெள்ளிமலை வரை திவ்யாவின் பொறுப்பு, மலையில் அவளை நிறுத்தி ‘சரண்யா எங்க’ என்று கேட்க எனக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. அவர்கள் ஏறி இறங்கும்வரை நான் அணைக்கரையில் காத்திருக்க வேண்டும்.

இறக்கத்தில் எல்லா சைக்கிளும் ஒன்றுதான். காற்று முகத்தில் அடிக்க, எட்டு மணி முதல் தள்ளிக்கொண்டு ஏறிய வளைவுகளெல்லாம் ஒவ்வொன்றாக என் கையை விட்டுப் போயின. மாதம் ஒரு முறை இந்த மலையின் வாசல் வரை வருவேன், ஆட்களை ஒப்படைப்பேன், முதல் வளைவில் திவ்யாவின் முதுகு மறைவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பாதி வழி கிடைத்ததே என்று சந்தோஷப்பட வேண்டியவள்தான். எனக்கு அந்த மறுபாதிதான் கண்ணில் நின்றது.

அணைக்கரையிலிருந்து அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அம்மா, வெள்ளிமலைப் பக்கம் நமக்கு யாராச்சும் சொந்தக்காரங்க இருக்காங்களா?"

"மலை மேல நமக்கு ஏதுடி சொந்தம்? பொண்ணு குடுத்தாத்தான் உண்டு. ஒன்ன குடுத்துடட்டுமா?"

"மாப்பிள்ள கிட்ட கியர் சைக்கிள் இருக்குதான்னு கேளு" என்றேன்.

அம்மா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பின்னால் திரும்பி, மலையை இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன்.