பூவாடைக்காரிக்கு எடுத்த போட்டோ

பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டில் என் போட்டோவுக்கு மாலை போட்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு ஒரு குறையுமில்லை. இரண்டு பிள்ளைகளைத் திட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறேன். அந்த மாலைக்குக் காரணம் என் மாமா.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் தெருக்கோடியில் ஸ்டுடியோ வைத்திருந்தார். ஊரெல்லாம் கலருக்குப் போன பிறகும் முகம் எடுக்க மட்டும் பழைய பெட்டிக் கேமராவைத்தான் எடுப்பார். அதற்கு ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு கண். மேல் கண் பார்ப்பதற்கு, கீழ்க் கண் பிடிப்பதற்கு. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம். நெகட்டிவ் தீப்பெட்டியைவிடப் பெரிதாக இருக்கும். முகத்தில் ஒரு முடி விடாமல் விழும் என்று பெருமையடித்துக்கொள்வார். அந்தக் கேமராவை வயிற்றருகே பிடித்து, மேல் மூடியைத் திறந்து, குனிந்து உள்ளே பார்க்க வேண்டும். அதனால் எதிரில் உட்கார்ந்திருப்பவர்களை மாமா நேராகப் பார்ப்பதே இல்லை. கிணற்றில் எதையோ போட்டுவிட்டுத் தேடுகிறவர் மாதிரி குனிந்தே நிற்பார். எனக்கு அது கொஞ்சம் பயமாக இருக்கும்.

எனக்கு ஒன்பது வயது. அரைப்பரீட்சை லீவில் ஒருநாள் மாமா, "கேமராவுக்குள்ள பாக்க வுடறேன், வா" என்று அழைத்துப் போனார். வீட்டில் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

போனது சாயக்கார அத்தை வீட்டுக்கு. சொந்த அத்தை இல்லை. பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற வீடு என்பதால் தெருவே அப்படித்தான் கூப்பிடும். அவள் விரல்களில் எப்போதும் அரக்குச் சிவப்பு ஏறியிருக்கும். அவளுடைய சின்ன மகள் மூன்று வருடத்துக்கு முன் காய்ச்சலில் போய்விட்டாள். போகும்போது அவளுக்கும் ஒன்பது வயதுதான். எங்கள் பக்கத்தில் கல்யாணமாகாமல் செத்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவார்கள். வீட்டில் எந்தக் கல்யாணம் வந்தாலும் புதுத்துணியும் பூவும் வைத்து முதல் படையல் அவளுக்குத்தான். அத்தையின் பெரிய மகளுக்கு அப்போது கல்யாணம் வந்திருந்தது. படையலுக்குப் படம் இல்லை. இருந்த ஒரே போட்டோவும் சாயத் தொட்டியில் விழுந்து சிவப்பு அட்டையாகிவிட்டிருந்தது. நான் அந்தப் பெண்ணின் உயரம், கிட்டத்தட்ட அதே ஜாடை. மாமாவுக்கு மூளை வேலை செய்துவிட்டது.

அத்தை எனக்குத் தலை பின்னி, படையலுக்கு வாங்கிய பச்சைப் பட்டுப் பாவாடையைக் கட்டிவிட்டாள். என் மேல் முன்பல் ஒன்று இல்லாததைப் பார்த்து, எப்படி விழுந்தது என்று கேட்டாள். ஐயம்பேட்டை போகிற ஷேர் ஆட்டோ வேகத்தடையில் தூக்கிப் போட்டு, கம்பியில் இடித்து விழுந்ததையும், விழுந்த பல்லை டிரைவரே தேடி எடுத்துக் கொடுத்ததையும் விலாவாரியாகச் சொன்னேன். யாராவது கேட்டால் போதும், நிறுத்தமாட்டேன்.

அவள் பின்னலுக்குப் பூ வைத்துக்கொண்டே, என்னிடமோ சுவரிடமோ தெரியவில்லை, மெதுவாகச் சொன்னாள். "அவ கொரலு காதுல இருக்குதுமா. மூஞ்சிதான் கலைஞ்சிக்கினே போவுது. ஒரு படம் வெச்சிட்டா நின்னுரும்."

ஜன்னல் ஓரம் ஸ்டூலில் என்னை உட்காரவைத்தார்கள். அந்தப் பெண்ணுக்குக் கன்னத்தில் ஒரு மச்சம் உண்டாம். அத்தை மையைத் தொட்டுக்கொண்டு வந்தாள். விரல் என் வலது கன்னத்துக்கு வந்து, படுவதற்குள், குனிந்தபடியே இருந்த மாமா குரல் கொடுத்தார்.

"அந்தப் பக்கம் இல்லக்கா. வலது கன்னம்னு தானே சொன்ன? இந்தப் பக்கம்."

விரல் நின்றது. "அப்பிடியா தம்பி? நீ சொன்னா சரிதாம்பா" என்று இடது கன்னத்தில் வைத்தாள்.

அந்தக் கேமராவின் கண்ணாடியில் எல்லாம் இடம் வலமாக மாறித் தெரியும். தொழிலே அதுவாக இருந்தவர், அன்று பார்த்து அதை மறந்துவிட்டார்.

பதினோரு படம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். பன்னிரண்டாவதற்கு மாமா சுருளைச் சுற்றி முடித்ததும், அவருக்குப் பின்னாலிருந்து அத்தை ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். என் பெயர் இல்லை. ஆனால் நான் "ம்" என்று சொல்லிச் சிரித்தேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. கீழ்க் கண் டிக் என்று மூடித் திறந்தது.

அந்தப் பன்னிரண்டாவது படத்தைத்தான் அத்தை தேர்ந்தெடுத்தாள். மச்சம் பக்கம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்தது அவள் வீட்டுக்காரர். மாமா அசரவில்லை. நெகட்டிவைத் திருப்பிப் போட்டால் முகமே திரும்பிவிடும், மச்சம் தானாக இடத்துக்கு வந்துவிடும் என்றார்.

அப்படித் திருப்பிப் போட்டுக் கழுவும்போது இருட்டறையில் நானும் இருந்தேன். சிவப்பு பல்பு வெளிச்சத்தில் வெள்ளைத் தாளைத் தட்டில் மருந்துத் தண்ணீரில் போட்டு ஆட்டினார். முதலில் வந்தது மச்சம்தான். பிறகு இரண்டு கண். பிறகு முடி. கடைசியாகத்தான் முகம் வந்தது. தண்ணீருக்கடியிலிருந்து அது என்னைப் பார்த்துச் சிரித்தது.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். வகிடு, பல் இல்லாத இடம், எல்லாம் அந்தப் படத்தில் இருந்த பக்கமே இருந்தன. மச்சம் ஒன்றுதான் இல்லை. என்னுடைய மற்ற போட்டோக்களில் இருக்கிற பெண் கண்ணாடியில் இருக்கிற பெண்ணைப் போல இருக்கமாட்டாள். திருப்பிப் போட்ட இவள் அப்படியே இருந்தாள். நான் நாக்கை நீட்டினேன். அவளும் நீட்டினாள். கண்ணாடிமேல் துண்டைப் போட்டு மூடினேன். இரண்டு நாள் காய்ச்சல் வந்து, அம்மா துருவிக் கேட்டதில் எல்லாவற்றையும் கக்கினேன்.

அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள். பிறகு மாமாவைப் பிடித்துக்கொண்டாள். "உசுரோட இருக்கிற புள்ளைய சாமியாக்கிட்டு வந்துகிறியேடா. நீயெல்லாம் மனுசனா?" மாமா, போட்டோதானேக்கா என்றார். படத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டால்தான் ஆச்சு என்று என்னையும் இழுத்துக்கொண்டு அம்மா கிளம்பினாள்.

நாங்கள் போன நேரம் படையல் நடந்துகொண்டிருந்தது. சுவரில் நான். எனக்கு மல்லிகை மாலை, குங்குமம், முன்னால் பச்சைப் பாவாடை, வளையல், பொங்கல், ஊதுபத்தி. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா படத்தைக் காட்டி, "பல்லு இல்லாம எவ்ளோ அழகா சிரிக்குது பாரு" என்றாள்.

"அதையேன் கேக்கற" என்றாள் சாயக்கார அத்தை. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. "ஐயம்பேட்ட போற ஷேர் ஆட்டோவுல, கம்பில இடிச்சிக்கிச்சி. ஒரே அழுவ. அந்த டிரைவரு பாவம், குனிஞ்சி தேடி பல்ல எடுத்துக் குடுத்தாரு. நான்தான் மடில வெச்சிக்கினு வந்தேன்."

சொல்லிக்கொண்டே என்னையும் பார்த்தாள். தெருவில் போகிற எந்தப் பிள்ளையையும் பார்ப்பது போலத்தான் இருந்தது. பொய் சொல்கிறவளின் கண்ணே இல்லை அது.

அம்மாவுக்கு அந்தப் பல்லின் கதை தெரியும். அன்று ஆட்டோவில் என்னை மடியில் வைத்திருந்தது அவள்தான். சுவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, குங்குமத்தைத் தொட்டு என் நெற்றியிலும் வைத்து, படத்தைக் கேட்காமலே என்னைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அது என் பல்லுமா. அவங்க பொய் சொல்றாங்க" என்று வழியெல்லாம் அழுதேன்.

"இருக்கட்டும் வுடு" என்றாள் அம்மா. அவளும் அழுதுகொண்டிருந்தாள் என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

அந்தப் படம் என் முகத்தையும் என் பல்லையும் எடுத்துக்கொண்டுவிட்டது என்றுதான் வெகுநாள் நம்பினேன். என்னிடமிருந்து எதுவும் போகவில்லை. பால்பல் என்பதால் அதுகூட அடுத்த மாதமே முளைத்துவிட்டது. தொலைந்தது அத்தையின் மகள்தான். கலைந்தது போக மிஞ்சியிருந்த கொஞ்ச முகத்தின் மேலும் என் முகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

இப்போது நினைத்தால், ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அந்த ஒரு நிமிஷம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. மை தொட்ட அந்தச் சிவப்பு விரல் யாரையும் கேட்காமல் என் வலது கன்னத்துக்குத்தான் வந்தது. அதற்கு மட்டும் அதுவரை மகளின் முகம் தெரிந்திருந்தது.