பட்டியலில் வராத ஆறு கணினிகள்

பிரகாஸ் குருநகரில் பிறந்தவர். அப்பா, சித்தப்பா, அண்ணன்மார் எல்லோரும் கடலுக்குப் போனவர்கள். இவருக்கு மட்டும் வள்ளத்தில் கால் வைத்தாலே வாந்தி. அதனால் கரையில் குந்தியிருந்து செய்யக்கூடிய தொழிலாகப் பார்த்துக் கம்பியூட்டரைப் பிடித்துக்கொண்டார். நாற்பத்தாறு வயதில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கணினிப் பொறுப்பாளர். பதவியின் பெயர்தான் பெரிது. அதற்குப் பின்னால் இருந்தது ஒரு மேசை, ஒரு ஸ்குறூ ட்றைவர், கொடிகாமத்திலிருந்து கொழும்புத்துறை வரைக்கும் நாற்பத்தேழு கணினிகள்.

சங்கம் புதிதாக ஒரு மென்பொருளை வாங்கியிருந்தது. டொமைனில் உள்ள கணினிகளைத் தானே தேடிப் போய், எது எங்கே நிற்கிறது, எவ்வளவு பழசு என்று பட்டியல் போடுவது அதன் வேலை. டொமைன் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சங்கத்துக் கணினிகள் எல்லாம் ஒரே வாசல்காரனுக்குக் கட்டுப்பட்டு நிற்கிற ஏற்பாடு. மென்பொருள் நாள்முழுக்கத் தேடிவிட்டு நாற்பத்தொன்று என்றது. குறைந்த ஆறும் கொழும்புத்துறைக் கிளையில் இருந்தவை.

வெள்ளிக்கிழமை காலை முகாமையாளர் மார்க்கண்டர் மேசையடிக்கே வந்துவிட்டார்.

"தம்பி, பின்னேரம் நாலு மணிக்குப் பட்டியல் இயக்குநர் சபைக்குப் போகுது. அதிலை இல்லாத மிசின், சங்கத்திலை இல்லாத மிசின். மிசின் இல்லாட்டி கொழும்புத்துறைக் கம்பியூட்டர் அறையைக் களஞ்சியமாக்கச் சொல்லிப்போட்டினம்."

"ஐயா, ஆறும் அங்கைதான் நிக்குது. நான் கையாலை எழுதித் தாறன்."

"கையாலை எழுதித்தானே, செத்துப்போன ஜெனரேற்றரைப் போன வருசம் நல்லா ஓடுதெண்டு தந்தனீர்?"

பிரகாஸ் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஜெனரேற்றரைப் பற்றிக் கதைப்பதற்கு உண்மையிலேயே ஒன்றும் இருக்கவில்லை.

அந்த அறை சும்மா அறையில்லை. கரையோரத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூட வேலைகளை அங்கேதான் ரைப் பண்ணுவார்கள். வலை பின்னுகிற கையோடு வந்து பெண்கள் விண்ணப்பங்கள் நிரப்பிக்கொண்டு போவார்கள். அறை போனால் அதைப் பார்க்கிற ஜெனிற்றாவும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

பிரகாஸ் தன் மேசையிலிருந்தபடியே ஆறையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்தார். ஆறும் பதில் சொல்லின. ஆக, உயிர் இருக்கிறது. டொமைனின் பெயர்ப் பட்டியலைத் திறந்தார். ஆறு பெயரும் இருந்தன. மறிக்கிற ஃபயர்வோலைத் தளர்த்தினார். அப்படியும், மென்பொருள் உள்ளே போக வெளிக்கிட்டால் "அனுமதி இல்லை" என்று திருப்பி அனுப்பின. கடவுச்சொல் பிழையோ என்றால், அதே சொல்லுக்கு மற்ற நாற்பத்தொன்றும் கதவைத் திறந்திருந்தன. பத்தரைக்கு மோட்டார்சைக்கிளை எடுத்தார்.

கொழும்புத்துறையில் ஜெனிற்றா பழைய சீலைத் துணியில் தைத்த கணினி உறைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணை, முகம் சுண்டின தோடம்பழம் மாதிரிக் கிடக்கு?"

"உன்ரை ஆறு பிள்ளையளும் இடாப்பிலை இல்லையாம். கூப்பிட்டால் குரல் குடுக்கினம், கிட்டப் போனால் அடிச்சுக் கலைக்கினம்."

முதல் கணினியின் முன்னால் உட்கார்ந்தார். எல்லாம் ஒழுங்காக ஓடியது. கண் திரையின் மூலையிலிருந்த நேரத்துக்குப் போனது. பதினொன்று பத்து. கையிலிருந்த போனைப் பார்த்தார். பதினொன்று. எழுந்து அடுத்ததைப் பார்த்தார். பதினொன்று பத்து. ஆறிலும் அப்படியே.

பிரகாஸுக்கு விளங்கிவிட்டது. டொமைன் வாசல்காரன் நேரத்தில் கறார்ப் பேர்வழி. ஐந்து நிமிடத்துக்கு மேல் பிசகினால் எந்தக் கடவுச்சொல்லையும் நம்பமாட்டான். உள்ளே இருந்து வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

"ஆரடி உந்த நேரத்திலை கை வைச்சது?"

"நான்தான். முந்தி நான் எத்தினை தரம் கூட்டி வைச்சாலும் அது தன்பாட்டிலை திரும்பிப் போச்சு. அதாலை நேரத்தைத் தானாச் சரியாக்கிற சேவையையே நிப்பாட்டிப்போட்டன்."

"உனக்கென்ன விசரே? பத்து நிமிசம் கூட்டி வைக்கச் சொல்லி எந்த மடையன் சொன்னவன்?"

ஜெனிற்றா உறையை மடித்தாள். மடித்ததையே இன்னொருமுறை மடித்தாள்.

"நீங்கள்தான் அண்ணை."

பிரகாஸ் கதிரையில் உட்கார்ந்தார்.

இரண்டாயிரத்து ஏழு. குருநகரில் அவருக்கு ஒரு நெற்கபே இருந்தது. ஏழு கணினிகள், நடுவில் காட்போட் மட்டைத் தடுப்பு. ஜெனிற்றா அப்போது பதினெட்டு வயதுக்காரி, வாசலில் இருந்து பெயர் எழுதுவாள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்த பிள்ளைகளோடு கதைக்கத் தாய்மார் வருவார்கள். பின்னேரம் ஊரடங்கு. பிந்தி றோட்டில் நின்றால் என்ன நடக்கும் என்று ஒருவரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் மகனின் குரல் காதில் விழுந்துவிட்டால் எந்தத் தாயும் நேரத்தைக் கணக்கெடுக்கமாட்டாள். அதனால் பிரகாஸ் ஏழு கணினியிலும் சுவர் மணிக்கூட்டிலும் பத்து நிமிடம் கூட்டி வைத்தார். அப்படி வருகிற கத்தரீனா அக்கா ஹெட்போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கள்ள மணிக்கூடு எனக்குத் தெரியுமடா" என்று திட்டுவார். திட்டினாலும் எழும்புவார். அழுதுகொண்டே செருப்பைத் தேடுவார். பிரகாஸ் அதைக் குனிந்து தேடிக் கொடுப்பார். பிறகு எல்லோர் கையிலும் போன் வந்தது. கடைக்கு ஒருவரும் வரவில்லை. கடையை மூடி வெளியே போட்ட மட்டைத் தடுப்புகளை மழை நனைத்தது.

"இப்ப எதுக்கடி உது? இப்ப என்ன ஊரடங்கே?"

"தெரியேல்லை அண்ணை. அந்த மணிக்கூட்டாலை எங்கடை கடைக்கு வந்த ஒருத்தரும் ஒருநாளும் மாட்டுப்படேல்லை. மாத்த மனம் வரேல்லை."

பிரகாஸ் மூக்கை உறிஞ்சிவிட்டு, அறைக்குள் தூசி கூடிப்போச்சு என்று பொய்யாகக் குறைப்பட்டுக்கொண்டார். ஒவ்வொரு கணினியாக நேரத்தைச் சரி செய்து, நிறுத்தியிருந்த சேவையையும் ஓடவிட்டார். மடிக்கணினியில் தேடலைத் தொடக்கினார். நாற்பத்திரண்டு. நாற்பத்துமூன்று. நாற்பத்தாறில் நின்று வெகுநேரம் யோசித்தது. கடைசிக் கணினியை ஒருமுறை நிப்பாட்டித் திரும்பவும் போட்டதும் நாற்பத்தேழு வந்தது. போன் எடுத்தார்.

"ஐயா, ஆறும் வந்திட்டுது. பாருங்கோ."

மறுபக்கத்தில் மார்க்கண்டர் வாய்விட்டு எண்ணுவது கேட்டது. "ஓம், இருக்கு. அப்ப அறையிலை கை வைக்க மாட்டினம். ஆனால் ஆரின்ரை பிழை எண்டு அறிக்கையிலை எழுதோணும் தம்பி. அந்தப் பிள்ளையின்ரையோ?"

பிரகாஸ் ஜெனிற்றாவைப் பார்த்தார்.

"இல்லை ஐயா, என்ரை பிழை. இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு விட்டது."

"நீர் அப்ப சங்கத்துக்கே வரேல்லையே?"

"ஓம் ஐயா. அப்பிடியே எழுதுங்கோ."