இருபத்தாறாம் தேதி தொடங்கும் மாதம்

எங்கள் கம்பெனிக்கு மாதம் ஒன்றாம் தேதி பிறக்காது. இருபத்தாறாம் தேதி தொடங்கி அடுத்த இருபத்தைந்தாம் தேதி முடியும். வருகையும் லீவும் அந்தக் கணக்கில்தான்.

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு ஐ.டி. கட்டடம். நான் அங்கே ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். எனக்குக் கீழே பதினெட்டுப் பெண்கள். நான் படித்தது ஏழாவது வரை. எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவேன். தப்பு வரும். திட்டு வாங்குவேன்.

மூன்றாம் மாடியில் கம்ப்யூட்டரில் டேட்டா வேலை பார்க்கும் ஒரு பெண் இதைப் பார்த்துவிட்டு, கம்பெனி எனக்குக் கொடுத்த டேப்லெட்டில் ஒரு ஷீட் போட்டுக் கொடுத்தாள்.

“எந்த மாசம்னு நீங்க சொல்லவே வேணாம்க்கா. இன்னைக்குத் தேதிய அதுவே பாத்துக்கும். இருபத்தஞ்சு தாண்டலைன்னா போன மாசம் இருபத்தாறுல இருந்து எண்ணும். தாண்டிட்டா இந்த மாசம் இருபத்தாறுல இருந்து எண்ணும். ஃபார்முலா போட்ருக்கேன்.”

“நான் என்னா பண்ணணும்?”

“பேரு, கேக்குற தேதி. அவ்ளோதான். பச்சைன்னா லீவு உண்டு. சிவப்புன்னா இல்ல.”

வாரலீவு போக ஒரு கணக்கு மாதத்துக்கு இரண்டு நாள் லீவு. அதற்கு மேல் எடுத்தால், சொல்லாமல் நின்றால், வேலை போய்விடும். மேனேஜருக்கு ஷீட் ரொம்பப் பிடித்துவிட்டது. இனி லீவு என்று என்னிடம் வரவேண்டாம், ஷீட்டைக் கேளுங்கள் என்றார்.

என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள் ஒருத்தி. இரண்டாம் மாடி அவளுடையது. அவள் அம்மா கோலார் தங்கவயலில் மகனோடு இருந்தாள். அந்த மாதம் அம்மாவுக்கு ரொம்ப முடியாமல் போனது. சாப்பாடு இறங்கவில்லை என்று தம்பி போன் செய்தான்.

இருபத்துமூன்றாம் தேதி என்னிடம் வந்தாள்.

“இருபத்தாறு, இருபத்தேழு ரெண்டு நாள் ரஜா குடு. அம்மாவப் பாத்துட்டு வந்துர்றேன்.”

“இரு, போட்டுப் பாக்குறேன்.”

“பாரு பாரு. மேனேஜரு போயி இப்ப மெஷினு எங்களுக்கு ரஜா குடுக்குது.”

பேரைப் போட்டேன். தேதியைப் போட்டேன். சிவப்பு. அவள் ஏற்கெனவே இரண்டு நாள் எடுத்திருந்தாள், காய்ச்சலுக்கு.

“ரெண்டும் முடிஞ்சுபோச்சு. அடுத்த மாசந்தான்.”

“அப்ப ஒண்ணாந்தேதி போறேன். அதுக்குள்ள கெழவி எங்கயும் போயிடாது” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இருபத்தாறாம் தேதி அடுத்த கணக்கில் வரும் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். ஷீட் அவள் கேட்ட தேதியைப் பார்க்கவில்லை, அன்றைய தேதியைப் பார்த்தது. நானும் சிவப்பைத்தான் பார்த்தேன். யோசிக்கவில்லை. அடுத்த மாசம் என்றதும் அவளும் ஒன்றாம் தேதி என்றே எடுத்துக்கொண்டாள்.

இருபத்தாறாம் தேதி காலை ஏழு மணிக்கு டேப்பைத் திறந்தேன். கணக்கு மாறியிருந்தது. எல்லோருக்கும் எடுத்த லீவு பூஜ்யம் என்று காட்டியது. அவள் பேருக்கு நேரே பச்சை. அப்போதுதான் புரிந்தது.

அன்று வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வரும் நாள். இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை. சொன்னால் இவளும் கிளம்பிவிடுவாள். ஒண்ணாந்தேதி என்று அவளே சொல்லியிருக்கிறாள், ஐந்து நாள்தானே என்று நினைத்தேன். டேப்பை மூடினேன். மறுநாளும் சொல்லவில்லை. முதல் நாள் சொல்லாததை மறுநாள் எப்படிச் சொல்வது?

இருபத்தொன்பதாம் தேதி மதியம், அம்மா போய்விட்டாள் என்று போன் வந்தது. அவள் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனாள். அழவில்லை.

சாயந்திரம் நாங்கள் நாலு பேர் தங்கவயலுக்குப் போனோம். சுரங்க ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய சின்ன லைன் வீடு. உள்ளே நிற்க இடமில்லை. தம்பி வெளியே நின்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்.

“அக்கா ஒண்ணாந்தேதி வருதுன்னு சொல்லியிருந்தோம். தினம் காலையில இன்னிக்கி என்னா தேதின்னு கேக்கும். இருபத்தேழுன்னா, இன்னும் எத்தினி நாளுன்னு கேக்கும். நேத்து கேக்கல.”



திரும்பி வந்ததும் மூன்றாம் மாடிப் பெண்ணிடம் போய், ஷீட் இப்படிக் காட்டியது என்று மட்டும் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

“ஐயோ, நான் இன்னைக்குத் தேதிய வெச்சுட்டேன்க்கா. கேக்குற தேதிய வெச்சிருக்கணும்.”

ஒரே இடத்தில் மாற்றினாள். ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. உங்கள் தப்பு இல்லைக்கா என்றாள். பாதிதான் சொல்லியிருந்தேன். அதனால் அப்படிச் சொன்னாள்.

பத்தாம் நாள் காரியம் முடித்துவிட்டு அவள் வேலைக்கு வந்தாள். இரண்டாம் மாடி பாத்ரூமில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்.

“நீ கேட்டப்ப செவப்பு காட்டுனது தப்பு. இருபத்தாறுக்கு உனக்கு ரஜா இருந்துச்சு.”

“மெஷினு தப்பா?”

“மெஷினுதான் மொதல்ல. இருபத்தாறாந்தேதி காலையில பச்சை ஆயிடுச்சு. நான் பாத்தேன். உங்கிட்ட சொல்லல.”

துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு கை நின்றது.

“காலையில எத்தினி மணிக்கு பாத்தே?”

“ஏழு மணிக்கு.”

“ஏழு மணிக்கா? பத்து மணி ரயிலப் புடிச்சிருப்பனே.”

திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. துணியைப் பிழிந்தாள். பக்கெட்டை எடுத்துக்கொண்டு அடுத்த பாத்ரூமுக்குப் போனாள்.

அடுத்த வாரம் மேனேஜரிடம் அவளே பேசி, எதிர்க் கட்டடத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். அங்கே வேறு சூப்பர்வைசர். இப்போது அவள் லீவை அவர்தான் பார்க்கிறார்.