பயிற்சிப் பள்ளி விடுதியில் தூரி

சேலத்தில் பெண்களுக்கென்று ஆசிரியைப் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. அதன் விடுதிக்கு 1931இல் மேற்பார்வையாளராக வந்தவர் சாரதாமணி. பத்தொன்பது வயதில் தாலியறுத்தவர். விறைப்பான ஆள். அவர் காலடிச் சத்தம் கேட்டாலே பெண்கள் புடவையைச் சரிசெய்துகொள்வார்கள். அப்படிப்பட்டவர் அந்தப் பெண்களின் சந்தோஷத்துக்காக வேலையையே பணயம் வைத்தார் என்றால் யார் நம்புவார்கள்?

விடுதியில் பாதிப் பேர் இளம் விதவைகள். வீட்டில் எதிர்ப்படாமல் இருந்தால் போதும் என்று அனுப்பி வைக்கப்பட்டவர்கள். படிப்பார்கள், சாப்பிடுவார்கள், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்கள். அவர்களில் ஒருத்தியான திருச்செங்கோட்டுச் செல்லாயி வந்த நாளிலிருந்து யாரிடமும் வாய் திறக்கவில்லை. சோறு போடுவதும் கதவைப் பூட்டுவதும் மட்டுமா என் வேலை என்று சாரதாமணிக்கு எரிச்சலாக வந்தது.

ஆடி பிறந்தது. கொங்குப் பெண்கள் மரத்துக்கு மரம் தூரி என்னும் ஊஞ்சல் கட்டி ஆடும் மாதம். சாரதாமணி நல்ல வடக்கயிறாக வாங்கிவரச் சொல்லி, கொல்லைப் புளியமரத்தில் பலகை வைத்துத் தூரி கட்டினார். எல்லாரும் ஆடலாம் என்றார். முதல் நாள் கன்னிப்பெண்கள் மட்டும் ஆடினார்கள். மறுநாள் செல்லாயி ஏறினாள். அம்மாடி, அவள் உந்தின உந்தில் கிளையே கிறீச்சிட்டது! அன்றைக்கு அவள் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

சேதி மதிலைத் தாண்டாமல் இருக்குமா? பள்ளிக் கமிட்டித் தலைவர் காளியப்பன், மூன்று பெரிய மனிதர்களைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"ஏனம்மிணி, தாலியறுத்ததுகளையெல்லாம் தூரியில ஏத்தி உட்டிருக்கீங்களாமா? ஊரே சிரிக்குது."

"சிரிச்சுட்டுப் போகட்டுங்க. இப்பத்தான் இதுகளும் சிரிக்குதுங்க."

"இந்தப் பேச்செல்லாம் வேண்டாம். கயித்த அவுத்துப் போடுங்க. இல்லாட்டி வேற வேலை பாத்துக்குங்க."

வேலை போனால் சாரதாமணிக்கு அண்ணன் வீட்டு அடுப்படிதான் கதி. அங்கே பட்ட பாடு அவருக்கு மறக்கவில்லை. ஆனாலும் விறுவிறுவென்று கொல்லைக்கு நடந்தார்; அவர்களும் பின்னால் வந்தார்கள். வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தூரிப் பலகையில் ஏறி உட்கார்ந்தார்.

"இப்பக் கயித்த அவுத்துக்குங்க" என்றார்.

நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொம்பளையைக் கையைப் பிடித்தா இறக்க முடியும்? செல்லாயி பின்னால் வந்து, "கெட்டியாப் புடிச்சுக்குங்க டீச்சரம்மா" என்று ஒரு தள்ளுத் தள்ளினாள். "ஐயோ ஆத்தா!" என்று அலறினார் சாரதாமணி. அடுத்த தள்ளலில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காளியப்பன் தலையைக் குனிந்துகொண்டு வாசலுக்கு நடந்தார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

வேலை போகவில்லை. 1946 வரை அவர்தான் மேற்பார்வையாளர். ஆனால் அன்றைக்கு அதெல்லாம் அவருக்குத் தெரியாது. போய்விட்டது என்றே நினைத்தார்.

"அவுங்க போயிட்டாங்க, எறங்கிக்குங்க" என்றாள் செல்லாயி.

"போனாப் போறாங்க. நீ தள்ளு சாமி" என்றார் சாரதாமணி.